காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தரும் மெஷின்

எங்கள் பக்கம் அடுத்த வருஷம் ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப்பெருக்கு அன்றைக்குச் சிவகாசி அச்சகங்களில் பூஜை போட்டு, வரப்போகிற வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கப்புறம் மார்கழி வரைக்கும் பிரஸ்ஸில் வேலை பார்க்கிறவனிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் கொஞ்சம் முழிப்பான். அவன் கையில் இருப்பது அடுத்த வருஷத்துப் பங்குனி. நான் தினசரி காலண்டருக்குப் புரூப் பார்க்கிறவன். ராகுகாலம், எமகண்டம், சூலம், அமாவாசை, அரசு விடுமுறை என்று தாள் தாளாகத் திருத்தி, இன்னும் பிறக்காத 365 நாளையும் சில வாரத்தில் வாழ்ந்து முடித்துவிட்டு என் ஊரான ஆனைக்குட்டத்துக்குப் பஸ் ஏறுவேன்.

ஊரில் நிறையப் பேருக்குப் பட்டாசு ஆபீஸ் வேலை. ஆலை என்று பேப்பரில்தான் எழுதுவார்கள். இங்கே தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். அவர்கள் நாள்கணக்கு வேறு மாதிரி. உலகத்துக்குத் தீபாவளி ஒரு நாள். அவர்களுக்கு ஒரு தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து அடுத்த தீபாவளி ஆரம்பித்துவிடும். அது வருஷம் முழுக்க ஓடும். 2018-ல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்று சொன்னதிலிருந்து, வருஷம் பூராவும் உருட்டினதைக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம் என்று ஜனங்கள் கொளுத்தித் தீர்க்கிறார்கள்.

நேற்றும் நாளையும் இப்படித் தாறுமாறாகக் கிடக்கிற ஊரில் டைம் மெஷின் படம் ஒன்று பேச்சாகிப் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அந்தப் படம் ‘இன்று நேற்று நாளை’. 2015 ஜூன் 26 வெள்ளிக்கிழமை வெளியானது. எம்.ஜி.ஆர். நடித்து 1974-ல் வந்த படத்தின் பேர் ‘நேற்று இன்று நாளை’. ஒழுங்கான வரிசை. நாற்பத்தோரு வருஷம் கழித்து ஒரு புது இயக்குநர் அந்த வரிசையைக் கலைத்து வைத்தார், அவ்வளவுதான். கதை என்ன என்பது போஸ்டரிலேயே பாதி தெரிந்துவிட்டது.

அந்தப் புது ஆள் ஆர். ரவிக்குமார், குறும்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். தயாரித்தவர் சி.வி. குமார். அந்தக் காலத்தில் குமார் பேனரில் படம் வருகிறது என்றால், யாரோ ஒரு புதுப் பையன் குறும்படத்திலிருந்து தாவி வந்திருக்கிறான், காசு கொஞ்சம்தான் செலவாகியிருக்கும், கதையில் எதோ ஒரு கிறுக்குத்தனம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ‘அட்டகத்தி’யும் ‘பீட்சா’வும் 2012, ‘சூது கவ்வும்’ 2013, ‘முண்டாசுப்பட்டி’ 2014. இவற்றில் ‘முண்டாசுப்பட்டி’ முதலில் குறும்படமாகவே வந்து அப்புறம் வளர்ந்தது. பெரிய நடிகர் இல்லாமல் கதையை நம்பி தியேட்டருக்குப் போகலாம் என்ற பழக்கம் ஜனங்களுக்கு வந்த மூன்று நான்கு வருஷம் அது. டைம் மெஷின் தமிழில் இறங்க அந்தப் பழக்கம்தான் தளம் போட்டுக் கொடுத்தது.

காலம் தாண்டுவது நமக்குப் புதிது ஒன்றும் இல்லை. புராணத்தில் ககுத்மி என்று ஒரு ராஜா. மகள் ரேவதிக்கு எந்த மாப்பிள்ளை சரிவரும் என்று கேட்க, மகளையும் கூட்டிக்கொண்டு பிரம்மலோகம் போகிறார். அங்கே பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. முடியட்டும் என்று காத்திருக்கிறார். முடிந்ததும் பிரம்மா சிரிக்கிறார்: நீ நினைத்து வந்த மாப்பிள்ளைகளெல்லாம் செத்து, அவர்கள் வம்சமும் போய், 27 சதுர்யுகம் கழிந்துவிட்டது. கடைசியில் பலராமனுக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். நல்ல கதை. ஆனால் ககுத்மி கையில் ஒன்றும் இல்லை. காலம் அவரைத் தூக்கிப் போட்டது, அவர் விழுந்தார். திரும்பிப் போக வழி கிடையாது.

கையில் ஒரு கைப்பிடியைக் கொடுத்தவர் எச்.ஜி. வெல்ஸ். 1895-ல் வந்த அவருடைய நாவலில் இருப்பது நிக்கலும் தந்தமும் படிகமும் சேர்த்துச் செய்த ஒரு சாதனம். அதில் சைக்கிள் மாதிரி ஒரு சீட், முன்னே போக ஒரு நெம்புகோல், பின்னே வர ஒன்று. வரம் வேண்டாம், தவம் வேண்டாம், ஏறி உட்கார்ந்து இழுத்தால் போதும். டைம் மெஷின் என்ற பொருள் பிறந்த இடம் அந்தச் சீட்டுதான் என்பேன். எந்த நாளுக்குப் போவது என்று போகிறவனே முடிவு செய்யலாம் என்ற எண்ணம் அதில்தான் ஏறி உட்கார்ந்தது.

தென்னிந்திய சினிமாவுக்கு அதைக் கொண்டுவந்தவர் சிங்கீதம் சீனிவாச ராவ். ‘அபூர்வ சகோதரர்கள்’ எடுத்தவர். 1991-ல் தெலுங்கில் ‘ஆதித்யா 369’. பாலகிருஷ்ணா ஏறிக் கிருஷ்ணதேவராயர் காலத்துக்குப் போவார். அப்புறம் 2504-க்கும் போவார். இசை இளையராஜா. தமிழில் ‘அபூர்வ சக்தி 369’ என்று டப் செய்து வந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போது பணம் எங்கே போயிருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும்: அரண்மனை, தர்பார், உடை, நகை, அப்புறம் எதிர்காலத்துக்கு ஒரு தனி நகரம். ஐந்நூறு வருஷம் பின்னால் போனால் ஐந்நூறு வருஷத்துக்கும் செட் போட்டாக வேண்டும்.

ரவிக்குமாரின் படத்தில் என்னைக் கவர்ந்த புத்திசாலித்தனம் இங்கேதான் இருக்கிறது. 2065-ல் ஒரு விஞ்ஞானி மெஷினைச் செய்து சோதனைக்கு 2015-க்கு அனுப்புகிறார் (ஆர்யா சிறு வேடத்தில் வந்து போவார்). அது சொந்தமாகத் தொழில் தொடங்கப் பணம் தேடி அலைகிற இளங்கோ கையிலும், சொன்ன எதுவும் பலிக்காத ஜோசியர் புலிவெட்டி ஆறுமுகம் கையிலும் மாட்டுகிறது. விஷ்ணு விஷாலும் கருணாகரனும். அவர்கள் என்ன செய்கிறார்கள்? அசோகரைப் பார்க்கப் போகவில்லை, ராஜராஜ சோழனையும் பார்க்கவில்லை. தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துத் தரும் கடை போடுகிறார்கள். உங்கள் சாமான் எந்தத் தேதி, எங்கே தொலைந்தது சொல்லுங்கள். போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்ன இடத்தில் கிடக்கிறது என்று ஆறுமுகம் ஜோசியம் சொல்வார்.

போன மாதத்துக்குச் செட் போட வேண்டாம். அதே தெரு, அதே பஸ், அதே சட்டை. பட்ஜெட் கையைக் கடித்ததால் வந்த யோசனையோ, யோசனை வந்ததால் பட்ஜெட் குறைந்ததோ, எது முதல் என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திப் போனது. ஜோசியத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தது அதைவிடப் பெரிய கெட்டிக்காரத்தனம். எதிர்காலம் சொல்கிறேன் என்று கடை போட்டவன், இறந்தகாலத்தைப் பார்த்துவிட்டு வந்து எதிர்காலம் சொல்கிறான். நம் ஆட்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தினம் தாளைக் கிழிக்கும்போது ராசிபலனைப் பார்த்துவிட்டுத்தான் கசக்கி எறிகிறோம்.

இதற்கு நேர் எதிர்முனையில் ஒரு படம் உண்டு. அமெரிக்காவில் ஷேன் கரூத் என்பவர் எடுத்த ‘பிரைமர்’. கணக்குப் படித்தவர், சாப்ட்வேர் வேலை பார்த்தவர். எழுதி, இயக்கி, நடித்து, வெட்டி ஒட்டி, இசையும் தானே போட்டார். மொத்தச் செலவு 7,000 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று லட்ச ரூபாய். இங்கே ஒரு பாட்டுக்கு அதைவிடச் செலவாகும். 2004-ல் சன்டான்ஸ் விழாவின் பெரிய பரிசை அது வாங்கியது. 77 நிமிஷம். அந்த மெஷின் ஒரு பெட்டி. காலையில் பெட்டியை முடுக்கி வைக்க வேண்டும். சாயந்தரம் ஏறி உள்ளே படுக்க வேண்டும். ஆறு மணி நேரம் பின்னால் போகவேண்டுமானால் ஆறு மணி நேரம் உள்ளேயே கிடக்க வேண்டும். இறங்கினால் காலை. பெட்டியை முடுக்கிய நிமிஷத்துக்கு முன்னால் போகவே முடியாது. கிராபிக்ஸ் இல்லை, மின்னல் இல்லை. பார்க்கிறவன் தலைக்குள்தான் எல்லாம் சுற்றும்.

இதுவரை வந்த டைம் மெஷின் படங்களிலேயே சிறந்தது என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. பாதியில் தூங்கிப் போனேன் என்கிறவர்களும் உண்டு. எந்த ஆள் எத்தனை மணிக்கு எந்தப் பெட்டியில் இருந்தான் என்று படம் வரைந்து தலையைப் பிய்த்துக்கொண்ட ரசிகர்கள் ஏராளம். நான் மூன்று தடவை பார்த்தேன். முதல் தடவை தூங்கினவர்கள் கட்சி.

ஆனைக்குட்டத்தில் படம் வரைந்தது ‘இன்று நேற்று நாளை’க்கு. அணைக்குப் போகிற ரோட்டில் ஒரு டீக்கடை. பஸ் விட்டு இறங்கினால் அங்கே ஒரு டீ குடிக்காமல் வீட்டுக்குப் போகிற வழக்கம் எனக்கு இல்லை. படத்தைத் தியேட்டரில் பார்த்தது நாலைந்து பேர், டிவியில் போட்டபோது பார்த்தது ஊர் முழுக்க. அதற்கப்புறம் ஒரு வாரம் கடையில் அதே பேச்சு. காலேஜ் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: போலீஸ் என்கவுன்ட்டரில் செத்திருக்க வேண்டிய ரவுடி குழந்தைவேலு இவர்கள் கைபட்டதால் உயிரோடு வந்துவிட்டான். சரி, அதே நாளுக்கு இன்னொரு தடவை போய், முதல் தடவை வந்த இளங்கோவையும் ஆறுமுகத்தையும் இழுத்துப் பிடித்து நிறுத்தினால் வேலை முடிந்ததே? இதற்குப் பதிலாக நான் பையிலிருந்த வேஸ்ட் தாளை எடுத்து, பின்பக்கம் ஒரு கோடு போட்டு, அதில் இரண்டு இளங்கோவை நிறுத்தி, மூன்றாவது இளங்கோவுக்கு இடம் தேடி, கடைசியில் டீ கிளாஸ் வைத்த வட்டத்தில் மாட்டிக்கொண்டேன். அந்தத் தாள் முன்பக்கம் அடுத்த வருஷம் தை மாதம், மை ஒழுகிப்போன பொங்கல்.

கடையில் ஒரு போர்மேன் அண்ணாச்சி இருந்தார். அவ்வளவு நேரம் பேசாமல் வடையைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தவர் சொன்னார்: “நேத்துக் கலக்குன மருந்த இன்னைக்குத் தொடாதன்னு தலப்பாடா அடிச்சுக்கிறோம். இவனுக நேத்துக்கே போயித் தொடுறானுக. வெடிக்காம என்ன செய்யும்?”

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது, ஆகவே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பட்டாசு ஆபீஸில் மருந்து என்றால் வெடிமருந்துக் கலவை. வெயில் ஏறுவதற்கு முன்னால், காலையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்; அன்றைக்கே செலுத்தித் தீர்க்க வேண்டும். மிச்சம் வைத்தால் ராத்திரி ஈரம் ஏறும். அலுமினியப் பவுடரும் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள் சூடு கிளம்பும். பார்த்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் யாராவது வந்து கை வைக்கும்போது தெரியும். நான் படித்த விமர்சனங்களில் இந்தப் படத்தின் மையத்தை இவ்வளவு சின்ன வாக்கியத்தில் யாரும் தொட்டதில்லை.

மற்றவர்கள் தீர்ப்பு பல மாதிரி. காதல் கதை இடைஞ்சல் என்றார்கள். வில்லன் காமெடிக்காரன் மாதிரி இருக்கிறான் என்றார்கள். கருணாகரன் இல்லாவிட்டால் படம் இல்லை என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. கொஞ்ச நேரத்தில் பேச்சு படத்தை விட்டுவிட்டு, கிடைத்தால் நீ எந்த நாளுக்குப் போவாய் என்று மாறிவிடும். ஒருவர் கல்யாணத்துக்கு முந்தின நாளுக்கு. இன்னொருவர் ஆனைக்குட்டம் அணை நிரம்பிய வருஷத்துக்குப் போய் அர்ச்சுனா நதியில் ஒரு முங்கு போட்டுவிட்டு வருவாராம்; அது எந்த வருஷம் என்று அடுத்த சண்டை.

அதற்கப்புறம் வந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2016-ல் சூர்யாவின் ‘24’: மெஷின் கைக்கடிகாரமாகச் சுருங்கியது, பட்ஜெட் பெருத்தது. 2021 நவம்பரில் ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிற இரண்டு படம் ஆறு நாள் இடைவெளியில் வந்தன. முதலில் வந்த சின்னப் படம் ‘ஜாங்கோ’, அதுவும் சி.வி. குமார் தயாரித்ததுதான், பின்னால் வந்த ‘மாநாடு’ பேரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. காலத்தை முந்தினாலும் கூட்டத்தை முந்த முடியவில்லை. 2023-ல் ‘மார்க் ஆண்டனி’யில் மெஷின் ஒரு டெலிபோன். ரவிக்குமாரின் அடுத்த படம் ‘அயலான்’ 2024 பொங்கலுக்குத்தான் வந்தது. ஒன்பது வருஷம். அவர் கையில் அந்த மெஷின் நிஜமாகவே இருந்திருந்தால் பயன்பட்டிருக்கும்.

நான் சொல்ல வந்தது இது இல்லை.

டிவியில் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை, நான் சித்தி வீட்டில் இருந்தேன். சித்தி பட்டாசு ஆபீஸில் இருபது வருஷத்துக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து உட்கார்ந்தாலும், அலுமினியப் பவுடர் ஏறிய விரல் நகங்கள் ஈயம் பூசின பாத்திரம் மாதிரி சாம்பலாக இருக்கும். முறத்தில் மொச்சைக்காயை உரித்துக்கொண்டே பார்த்தாள். ஆறுமுகம் பேசுகிற இடத்திலெல்லாம் சிரித்தாள். விளம்பரம் வந்தபோது கேட்டாள்:

“ஏப்பா, இந்த மெசின வச்சுக்கிட்டு எவனோ தொலச்ச சாமானத் தேடுறானுகளே. அந்தப் புதங்கிழமைக்குப் போவாதாமா?”

எந்தப் புதன்கிழமை என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கம் யாரும் கேட்கமாட்டார்கள். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. உச்சிப்பொழுதில் ஒரு பட்டாசு ஆபீஸில் பிடித்த தீ. செத்தவர்கள் 40 பேர் அளவில். அதில் பலர் அங்கே வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்துவிட்டு உதவிக்கு ஓடினவர்கள், என்ன ஏது என்று பார்க்கப் போனவர்கள். முதல் வெடியில் தப்பிய ஊர் அடுத்த வெடியில் மாட்டியது. சித்தி வேலை பார்த்தது வேறு ஆபீஸ். அன்றைக்கு மத்தியானமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்து, வாசலிலேயே செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள் என்பது எனக்கு நினைவு இருக்கிறது.

நான் படித்தவன் இல்லையா, பதில் சொல்ல ஆரம்பித்தேன். இந்தப் படத்துக் கணக்குப்படி போகலாம் சித்தி, போய் எதையாவது மாற்றினால் இங்கே வேறு எதாவது மாறும். ஆனால் அமெரிக்காவில் ஒரு படம் இருக்கிறது, அதில் ஒரு பெட்டி, அந்தப் பெட்டியை அந்த நாளிலேயே யாராவது முடுக்கி வைத்திருந்தால்தான் திரும்ப அந்த நாளுக்குப் போக முடியும். அதுதான் விஞ்ஞானத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில்…

சித்தி மொச்சையை உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப அன்னைக்கு ஒருத்தரும் முடுக்கி வைக்கலயாக்கும்” என்றாள்.

விளம்பரம் முடிந்து படம் தொடர்ந்தது. மறுபடியும் ஆறுமுகம் வந்ததும் சிரித்தாள்.

2022-ல் ‘கணம்’ வந்தது. ஸ்ரீகார்த்திக் எடுத்தது, சர்வானந்த் மகன், அமலா அம்மா. விபத்தில் போன அம்மாவைக் காப்பாற்ற மகன் இருபது வருஷத்துக்கும் மேல் பின்னால், 1998-க்குப் போகிறான். நகை தேடப் போகவில்லை, ரவுடி துரத்தவில்லை. சித்தியின் கேள்வியை யாரோ கேட்டுவிட்டு எடுத்ததுபோல எனக்கு இருந்தது. போனில் போட்டுக் கொடுத்தேன். அம்மா உயிரோடு வாசலில் வந்து நிற்கிறபோது மகன் வாயடைத்து நிற்பானே, அதுவரை பார்த்தாள். கண் வலிக்கிறது என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மிச்சத்தை இன்றுவரை பார்க்கவில்லை. கதை என்ன ஆச்சு என்றும் கேட்கவில்லை.

இந்த வருஷமும் ஆடிப்பெருக்குக்கு ஆல்பம் வந்துவிட்டது. நான் இப்போது அடுத்த வருஷத்து ஆவணியில் இருக்கிறேன். சதுர்த்தி எந்த நாள், முகூர்த்தம் எத்தனை, வளர்பிறையா தேய்பிறையா என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் செப்டம்பர் 5 வரும். ஒவ்வொரு வருஷமும் வரும். அந்தத் தாளில் தேதிக்குக் கீழே ‘ஆசிரியர் தினம்’ என்று இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தது. சரி போட்டு அடுத்த தாளுக்குப் போனேன்.